இடது மிதி

புதுப் பேட்டரி சைக்கிள்கள் வந்து இறங்கிய அன்று தபாலாபீசில் யாருக்கும் வேலை ஓடவில்லை. வெளியே நசநசவென்று தூறல். தபால் பைகளை அரைகுறையாகப் பிரித்துப் போட்டுவிட்டு எல்லோரும் பின்முற்றத்துத் தகரக் கூரையின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஒரு பெரிய கூடை, பின்னால் பார்சல் பெட்டி, நடுவில் கறுத்துப் பருத்த பேட்டரி.

"சினைப் பன்னி மாதிரி இருக்கு" என்றான் நெட்டையன். கடைவீதிப் பக்கம் தபால் போடுகிறவன் அவன். "கியர் எங்கப்பா? கைப்பிடியில ஒண்ணையும் காணோமே?"

கம்பெனியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் குனிந்து பின்சக்கரத்தின் நடுவில் இருந்த உருளையைத் தட்டிக் காட்டினான். "எல்லாம் இதுக்குள்ள இருக்குண்ணே. மேடு வந்தா அதுவா மாத்திக்கும், எறக்கம் வந்தா அதுவா மாத்திக்கும். நீங்க மிதிச்சாப் போதும்."

"மிதிக்கிறதையும் அதுவே பாத்துக்கிட்டா நல்லாருக்குமே."

"அதான் நடக்காது. நீங்க எவ்ளோ அமுத்துறீங்களோ அதைப் பாத்துத்தான் மோட்டார் கூடச் சேந்து தள்ளும். நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

"அப்ப நம்ம போஸ்ட்மாஸ்டருக்கு இது ஒத்துவராது" என்றாள் தபால்காரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு அப்பால் நின்ற போஸ்ட்மாஸ்டர் காதில் விழாத மாதிரி கனைத்துக்கொண்டார்.

அந்த ஆபீசில் தெருவில் இறங்கித் தபால் போடும் பெண் அவள் ஒருத்திதான். அவளுடையது மேட்டு லைன். டயர் ஃபேக்டரியில் தொடங்கி, தண்ணித் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும் வரிசை வீடுகள் வரை ஏற வேண்டும். ஆண்கள் வேண்டாமென்று தள்ளிவிட்ட லைன். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் வாங்கிக்கொண்டது, இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் கதவைத் திறக்காமலே கையை நீட்டுவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன மழைக்காலத்திலிருந்து மட்டும் பழைய சைக்கிளை ஃபேக்டரி மேட்டில் உருட்டிக்கொண்டே போகிறாள். கேட்டால், "எல்லாரும் கடைக்குப் போறதை விட்டுட்டு பார்சல்ல வரவழைக்கிறாங்க. மூட்டை தூக்குற மாடா நான்?" என்பாள். அதற்காகத்தான் இந்த வண்டியே வந்தது.

ஒவ்வொருவராக முற்றத்தைச் சுற்றி வந்தார்கள். நெட்டையன் தண்ணீரில் விட்ட படகு மாதிரி வழுக்கிக்கொண்டு போனான். அவள் ஏறினாள். வண்டி ஒரு தள்ளு தள்ளி முன்னால் பாய்ந்தது. மறுநொடி கயிற்றைப் பிடித்து இழுத்த மாடு போல நின்றது. திரும்பப் பாய்ந்தது. திரும்ப நின்றது. பின்சக்கரத்து உருளைக்குள் எதுவோ டொக், டொக்கென்று முடிவெடுக்கத் தெரியாமல் மாறி மாறி விழுந்தது. பாதிச் சுற்றில் காலை ஊன்றி இறங்கிவிட்டாள்.

"இந்த வண்டி கோளாறு" என்றாள்.

மெக்கானிக் அதே வண்டியில் ஏறி இரண்டு சுற்று போய் வந்தான். சத்தமே இல்லை.

"பழகிடும்க்கா" என்றான்.

*

அவள் வீட்டுக்காரர் பைப்பு ரிப்பேர்க்காரர். ஊரில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். சுவரில் காதை வைத்தே கசிவைக் கண்டுபிடிப்பார். வீட்டிலும் அப்படித்தான், மிக்சி நின்றாலும், கடிகாரம் நின்றாலும், பக்கத்து வீட்டுக்காரருக்கு மூச்சு நின்றாலும் முதலில் ஒரு கருத்துச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. இரண்டே அறை கொண்ட வீட்டில் கட்டிலுக்கு அடியில் முழுக்க வளைந்த குழாய்களும் வால்வுகளும். பெருக்கும்போது தினமும் ஒன்று உருண்டு வந்து அவள் கால்விரலில் இடிக்கும்.

அன்று மாலை ரொட்டியைப் பருப்பில் தோய்த்துக்கொண்டே அவள் வண்டியின் கதையைச் சொன்னாள்.

"ஒரு மிதிக்கு இழுக்குது, ஒரு மிதிக்கு விட்டுடுதுங்க. குதிரை மேல உக்காந்த மாதிரி இருக்கு. இடுப்பே கழண்டுடுச்சு."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தான் போகுது."

பைப்புக்காரர் வெங்காயத்தைக் கடித்தார். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, தெரியும்."

அவர் கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் வெளியே போய், அவள் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வண்டியை எடுத்தார். தெருமுனை வரை போய், திரும்பி, வாசலில் ஒரு வட்டமடித்து நிறுத்தினார். மகளும் ஏறினாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். இரண்டு தெரு சுற்றிவிட்டு மூச்சு வாங்காமல் வந்து இறங்கினாள்.

"அம்மா, பட்டு மாதிரிப் போகுது! நீ வேணாம்னா எனக்குக் குடுத்துடு."

"என் கால்ல மட்டும் என்ன முள்ளா இருக்கு?" என்றாள் அவள். எரிச்சலில் குரல் உடைந்தது.

"உனக்குப் பழைய சைக்கிள் பழக்கம். நீ உன் இஷ்டத்துக்கு மிதிக்கிறே. இது மெஷினு, அது இஷ்டத்துக்கு நீ போகணும்" என்றார் அவர். "எந்த மெஷினும் பொய் சொல்லாது."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது கொஞ்சம் தடுமாறினாள். கட்டிலின் கீழிருந்து உருண்டு வந்த குழாயைத்தான் மூவரும் குறை சொன்னார்கள்.

அந்த வாரமெல்லாம் அவள் வண்டியோடு மல்லுக்கட்டினாள். இருக்கையை ஏற்றினாள், இறக்கினாள். டயரில் காற்றைக் குறைத்தாள். விடியற்காலையில் தெரு வெறிச்சென்றிருக்கும்போது எடுத்துப் போய் ஓட்டிப் பழகினாள். சமதளத்தில் வேகம் பிடித்துவிட்டால் ஓரளவு ஒத்துழைத்தது. நின்று கிளம்பும்போதுதான் வம்பு. மெக்கானிக் சொல்லிக்கொடுத்தது, உட்கார்ந்தபடியே வலது காலை ஊன்றி, இடது மிதியை அமுத்திக் கிளம்ப வேண்டும் என்பது. மற்றவர்களுக்கு அமுத்தியவுடன் வண்டி எழுந்து போயிற்று. அவளுக்கு அசையாது. அவளும் விடாமல் பழைய சைக்கிளில் செய்கிற மாதிரி வலது காலால் தரையை உந்தி உந்தித் தள்ளிக் கிளப்புவாள். பார்த்த பிள்ளைகள் சிரித்தன.

மெக்கானிக்கை மறுபடி வரவழைத்தார்கள். அவன் உருளையைக் கழற்றிப் பார்த்து, மோட்டாரைப் பார்த்து, வேறொரு வண்டியையே அவளுக்கு மாற்றிக் கொடுத்தான். அதுவும் இழுத்து இழுத்து விட்டது.

"ஏம்மா, ரெண்டு வண்டியுமா கோளாறு?" என்றார் போஸ்ட்மாஸ்டர். திட்டவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது. "உள்ளே உக்காந்து தபால் பிரிக்கிற வேலை இருக்கு. வயசாகுதுல்ல, அதுல அவமானம் ஒண்ணும் இல்ல."

"மேட்டு லைனை விட்டா நான் செத்துப்போயிடுவேன் சார்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை முட்டை வாங்கப் போனவள் முனைக்கடையிலிருந்து திரும்பி வந்தாள். வாசலில் உட்கார்ந்து வால்வுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பைப்புக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு செருப்பு எங்க?"

அவள் குனிந்தாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால், சேறு அப்பியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே கண்ணாடித் துண்டு கிழித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கடையிலிருந்து வாசல் வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறாள்.

"நல்லாருக்கு! நாளைக்குப் புடவையை எங்கயாவது விட்டுட்டு வந்துடாதே" என்றார் அவர். மகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிரித்தாள். முட்டை ஒன்றுகூட உடையவில்லையே என்று பெருமை வேறு.

*

மறுநாள் மழை வலுத்தது. டயர் ஃபேக்டரிக்குக் கீழே நான்கு ரோடும் கூடுகிற இடம் லேசான ஏற்றத்தில் இருக்கிறது. சிவப்பு விளக்குக்கு எல்லா வண்டிகளும் நின்றன. அவளும் வலது காலை ஊன்றி, இடது பாதத்தை மிதிமேல் வைத்து, மழைக்கோட்டைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். பெட்டி நிறைய பார்சல். பச்சை விழுந்தது. இடது மிதியை அமுத்தினாள்.

வண்டி அசையவில்லை.

பின்னால் ஹாரன். இன்னும் பலமாக அமுத்தினாள், தாடை இறுகும் அளவுக்கு. வண்டி முன்னால் போவதற்குப் பதில் பின்னால் சரியத் தொடங்கியது. பதறிப்போய் ஊன்றியிருந்த வலது காலையும் தூக்கி மிதியில் வைத்தாள். அவ்வளவுதான். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. இடது காலைத் தரையில் ஊன்றினாள்; ஊன்றிய கால் துணி மாதிரி மடங்கியது. தரையில் கிடந்தபடி பார்த்தபோது, பக்கத்து ரோட்டிலிருந்து திரும்பிய லாரியின் முன்சக்கரம் நடு ரோட்டில் வழுக்கிக்கொண்டே வந்து, அவள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சூடான ரப்பர் வாடை. சக்கரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது.

டிரைவர் இறங்கி வந்தான். குனிந்து அவளைப் பார்த்தான். பிறகு நடைபாதை ஓரத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டான்.

"வண்டி நகரலைங்க" என்று அவனிடம், கூட்டத்திடம், யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தாள் அவள். "நான் அமுத்துனேன். சத்தியமா அமுத்துனேன்."

நெட்டையன் ஒரு தள்ளுவண்டியில் அவளையும் வண்டியையும் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. செய்தி கேட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தார் பைப்புக்காரர். மகளும் கடையில் சொல்லிவிட்டு வந்தாள். அவள் நனைந்த துணியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்; கொடுத்த டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு இந்த வண்டியை ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்" என்று அவர் வண்டியை நடைவழிக்குள் உருட்டினார். "பிரஷர் இல்லேன்னா என்ன செய்வோம்? ஒவ்வொரு லைனா மூடிட்டு, ஒரே ஒரு லைனை மட்டும் தொறந்து பாப்போம். எது கோளாறுன்னு தானா தெரிஞ்சுடும். வா, ஏறு."

"அப்பா, இப்பவா?" என்றாள் மகள்.

"இப்பவேதான்."

கைப்பிடி நடுவே சின்னக் கண்ணாடித் திரை ஒன்று இருந்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியை அமுத்தினால் வண்டி நகராது. எவ்வளவு அமுத்துகிறோமோ அந்த அளவுக்கு அதில் பச்சைக் கோடுகள் ஏறும். முதலில் அவரே ஏறி வலது மிதியை அமுத்தினார். கோடுகள் உச்சிவரை ஏறின. இடது மிதியை அமுத்தினார். உச்சிவரை ஏறின. மகள் ஏறினாள், அப்படியே. பிறகு அவளை ஏற்றினார்கள். வலது மிதி. கண்ணாடி முழுக்கப் பச்சை.

"பாத்தியா? கோளாறே இல்ல" என்றார். "இப்ப இடது."

ஒரே ஒரு கோடு மினுங்கி அணைந்தது.

"அமுத்து."

"அமுத்துறேன்ல."

"நல்லா அமுத்தும்மா."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு அமுத்துறேன், தெரியலையா உங்களுக்கு?"

தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தோள், கை, வலது தொடை எல்லாம் முறுக்கேறியிருந்தன. கண்ணாடியில் கோடு இல்லை. அவர் மண்டியிட்டு, அவள் பாதத்துக்கும் மிதிக்கும் நடுவே தன் உள்ளங்கையை நுழைத்தார்.

"இப்ப அமுத்து."

"அமுத்துறேன்."

அவர் உள்ளங்கையில் ஒரு பாதம் கிடந்தது. தூங்குகிற குழந்தையின் கால் மாதிரி, அதன் எடை மட்டும்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மகள் என்ன நினைத்தாளோ, சட்டென்று உட்கார்ந்து அம்மாவின் இடது காலுறையை உருவி, பாதத்தைக் கிள்ளினாள். நகம் பதியக் கிள்ளினாள். அம்மா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "இன்னுமா ஏறல?" என்று கேட்டாள்.

மகள் வலது பாதத்தைக் கிள்ளினாள்.

"ஆ! ஏன்டி கிள்றே, சனியனே?"

"அம்மா" என்றாள் மகள். "மொதல்ல அந்தக் கால்ல கிள்ளினேம்மா."

அவள் மெதுவாகக் குனிந்து, யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலத் தன் இடது காலைப் பார்த்தாள். நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது. அதைத் தொட்டாள். மறுபடி தொட்டாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

*

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சின்ன வயது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, முதுகெலும்பின் நடுவே வெள்ளையாகத் தெரிந்த ஒன்றைப் பேனாவால் காட்டினாள். உள்ளே ஒரு கட்டி. பார்த்தால் கெட்ட கட்டியாகத் தெரியவில்லை. ஆனால் நரம்பை நெரித்துக்கொண்டு மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. உடனே எடுக்க வேண்டும்.

"எப்பலேருந்தும்மா கால் பலமில்லாம இருக்கு?"

"பலமாத்தானே டாக்டர் இருந்துது?"

"அப்பறம் எதைப் பாத்து வந்தீங்க?"

"வண்டி ரிப்பேர்னு நெனச்சோம்" என்றார் பைப்புக்காரர்.

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள். அவர் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை இடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு சொன்னாள், "வலது கால் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செஞ்சுருக்கு. அதனால உங்களுக்குத் தெரியல. இன்னும் கொஞ்ச நாள் விட்டுருந்தா அதுவும் போயிருக்கும்."

வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் எழுந்து போயிருப்பார்.

"ஆடத் தெரியாதவன்னு சொன்னேனே" என்றார். "ஒத்தச் செருப்போட வந்து நின்னே. ரத்தம் வடியுது. சிரிச்சேனே நான்."

"நானும்தான் சிரிச்சேன்."

"அடிச்சுப் போடு என்னை."

"நீங்க நம்பாதது கெடக்கட்டும் விடுங்க. எனக்குத்தான் தூக்கிவாரிப் போடுது." அவள் இடது தொடையின்மேல் கையை வைத்திருந்தாள். "என் காலுங்க இது. இத்தனை நாளா செத்துக்கிட்டு இருந்துருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றார்கள். கட்டி கெட்டதில்லை என்றார்கள். ஆனால் மயக்கம் தெளிந்து பார்த்தபோது இடது கால் முன்பிருந்த அளவுகூட இல்லை, விரல்கூட அசையவில்லை. வரும், வராமலும் போகலாம், பொறுக்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா. பைப்புக்காரர் தினமும் காலையில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து அவள் கால்களைத் துடைத்துவிடுவார். அழுகை வந்தால் துணியை வெளியே பிழியப் போவது போலப் போய்விடுவார். அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். வாய் ஓயாமல் பேசிய இருவரும் அந்த வார்டில் மாத்திரை நேரத்தைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவள் மேட்டு லைனுக்குத் திரும்பிப் போனாள். வண்டியின் பக்கவாட்டில் ஊன்றுகோலைக் கட்டிக்கொண்டுதான் போனாள். வண்டி முதலில் இழுத்து இழுத்துத்தான் விட்டது. வாரத்துக்கு வாரம் அந்த இழுப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் அதுவரை போவதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

அன்றும் அவர் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். வலது கால் முடிந்து இடது கால். விரல் இடுக்கில் துணியை விட்டுத் துடைப்பதற்காக முகத்தை நன்றாகத் தாழ்த்தினார். மோவாயில் எதுவோ இடித்தது. லேசாக, பூனை தலையால் முட்டுகிற மாதிரி. துணி அப்படியே நின்றது.

"நீயா?"

அவள் சுவரைப் பார்த்திருந்த முகத்தைத் திருப்பினாள்.

"பட்டுச்சா?" என்றாள்.

"பட்டுச்சு. உதைச்சியா?"

"உதைக்கணும்னு நெனச்சேன். ஆபரேஷன் ஆனதுலேருந்து நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

"இன்னொரு தடவை நெனை."

பெருவிரல் நடுங்கியது. பாதம் ஒரு நூல் அளவுக்கு எழும்பியது. எழும்பி, அவர் மோவாயைத் தொட்டது.

வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்ததை அவர் கவனிக்கவில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். ஃபிளாஸ்க்கோடு படியேறி வந்துகொண்டிருந்த மகள் அவர் முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள்.

"பாப்பா! உங்கம்மா என்னை உதைச்சுட்டா!"

பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட தலையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அட பாவமே" என்றார். நர்ஸ் ஒருத்தி ட்ரேயோடு அப்படியே நின்றாள். பைப்புக்காரர் அவர்களைப் பார்த்து மோவாயைத் தடவிக் காட்டினார். கண்ணீர் வழிந்து கையெல்லாம் நனைந்தது.

"மூஞ்சியிலேயே உதைச்சுட்டாங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "நின்னுக்கிட்டே இருக்கியே, சீக்கிரம் வா. நீயும் ஒண்ணு வாங்கிக்க."